விலைவாசி ஏறினா குடும்பத்தோட க்ரூஸ் போறவங்க குறைவாங்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை லீவு நெருங்குச்சுன்னா நாலு குடும்பம் கூடுற இடத்துல எல்லாம் இதே பேச்சுதான், க்ரூஸ் விலை இப்படி ஏறுதே, இன்னும் யாருதான் போறாங்க, எறங்குமா எறங்காதா, இப்பவே புக் பண்ணணுமா இல்ல வெயிட் பண்ணலாமான்னு. ஆளுக்கு ஆள் தனியா சொல்றத விட எல்லாத்தையும் ஒண்ணா எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு. பெரும்பாலும் ஃப்ளோரிடாலயும் டெக்சஸ்லயும் இருந்து கெளம்புற கரீபியன் கப்பல்களப் பத்திதான் இருக்கும், ஏன்னா உலகத்துல க்ரூஸ் வியாபாரம் அதிகமா நடக்கறது அங்கதான், புள்ளைங்களோட ஏறுறவங்க கூட்டமும் அங்கதான் ஜாஸ்தி. சிங்கப்பூர், சென்னை பத்தி கீழ தனியா ஒரு கேள்வி இருக்கு.

விலை ஏறினா ஆள் குறையணும்ல? அப்புறம் ஏன் கப்பல் எல்லாம் ஃபுல்லா போகுது?

நியாயமான கேள்வி. மொதல்ல நம்பரப் பாருங்க. கார்னிவல் கார்ப்பரேஷன்தான் இருக்கறதுலயே பெரிய க்ரூஸ் கம்பெனி, அவங்க கப்பல்ல ஆள் நெறஞ்ச அளவு 2019ல 107 சதவீதம் பக்கம், கொரோனா முடிஞ்சு திரும்ப ஓட ஆரம்பிச்ச 2022ல 75, 2023ல 100, 2024ல 105. இதே காலத்துலதான் அமெரிக்காவுல விலைவாசி தாறுமாறா ஏறுச்சு, 2022 ஜூன்ல வருஷ பணவீக்கம் 9.1 சதவீதம், நாப்பது வருஷத்துல அப்படி ஏறினதே இல்ல. க்ரூஸ் டிக்கெட்டும் சேர்ந்துதான் ஏறுச்சு. ஆனா ஆள் குறையல. உலகம் முழுக்க க்ரூஸ் போனவங்க 2019ல 2 கோடியே 97 லட்சம், 2023ல 3 கோடியே 17 லட்சம், 2024ல 3 கோடியே 46 லட்சம்.

இதப் பாத்துட்டு "விலை ஏறினாலும் ஜனங்க கவலப்படல"ன்னு நெறைய பேரு சொல்றாங்க, நான் அத ஒத்துக்க மாட்டேன். கப்பல் வியாபாரம் வேற மாதிரி. கப்பல்ல எத்தன ரூம் இருக்கோ அத்தனதான், கெளம்பற நாளும் மாறாது, கெளம்பின நிமிஷத்துல காலியா இருக்கற ரூமுக்கு மதிப்பு பூஜ்யம். ரூம் காலியா போனாலும் எஞ்சின் ஓடணும், சமையல்காரருக்கு சம்பளம் குடுக்கணும். அதனால கம்பெனிக்காரன் ரூம் நெறயற வரைக்கும் விலைய தட்டித் தட்டி சரி பண்ணிட்டே இருப்பான். கூட்டம் வந்தா ஏத்துவான், வரலன்னா எறக்குவான், எப்படியும் கப்பல் ஃபுல்லாதான் போகும். அதனால கப்பல் நெறஞ்சுதாங்கறத வெச்சு ஆசை எவ்ளோ இருக்குன்னு கணக்கு போட முடியாது. என்ன விலைக்கு நெறஞ்சுது, யார வெச்சு நெறஞ்சுது, அந்த ரெண்டும்தான் பாக்கணும். ரெண்டாவது விஷயத்துலதான் குடும்பங்களோட கதையே இருக்கு.

107 சதவீதமா? இருக்கற இடத்துக்கு மேல எப்படி ஆள் ஏத்தறாங்க?

ஒரு ரூமுக்கு ரெண்டு பேருன்னு வெச்சுதான் இந்தத் தொழில்ல கணக்கு. எல்லா ரூம்லயும் ரெண்டு ரெண்டு பேரு இருந்தா 100. மேல மடக்கற கட்டில்லயோ சோஃபா பெட்லயோ மூணாவது நாலாவது ஆளு வந்தா அது 100ஐத் தாண்டும். அந்த மூணாவது நாலாவது ஆளு பெரும்பாலும் யாரு? புள்ளைங்கதான். அதனால 100க்கு மேல இருக்கற ஒவ்வொரு நம்பரையும் குடும்பங்களோட நம்பர்னே படிக்கலாம். 2022ல 75க்கு விழுந்ததுலயும் இது தெரியுது, 5 வயசுல இருந்து 11 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு அமெரிக்காவுல தடுப்பூசி வந்ததே 2021 நவம்பர்லதான், அது வரைக்கும் சின்னப் புள்ளைங்க இருக்கற பல வீட்டுல கப்பல் பேச்சே எடுக்கல. அவங்க திரும்ப வந்தப்பறம்தான் 100ஐத் தாண்டுச்சு.

சரி, விலை ஏன் இவ்ளோ ஏறுச்சு? எரிபொருள்தானா காரணம்?

எரிபொருள் ஒரு காரணம், ஆனா எல்லாரும் நெனைக்கற அளவுக்கு பெருசு இல்ல. 2024ல கார்னிவலோட மொத்த வருமானம் 2,500 கோடி டாலர், அதுல எரிபொருளுக்குப் போனது 200 கோடி பக்கம்தான். கார்னிவல் எரிபொருள முன்கூட்டியே விலை பேசி பூட்டி வெக்கிற பழக்கம் இல்லாத கம்பெனி, அதுக்கு அடுத்த பெரிய கம்பெனியான ராயல் கரீபியன் ஒரு பங்க பூட்டி வெக்கும், அதனால எண்ணெய் ஏறினா ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி அடி விழாது.

நான் பெருசா பாக்கறது கடன். 2020 மார்ச்ல கப்பல் எல்லாம் நின்னுச்சு, அமெரிக்கத் துறைமுகங்கள்ல இருந்து திரும்ப ஓட 2021 ஜூன் ஆச்சு, ஒரு வருஷத்துக்கு மேல வருமானமே இல்லாம கப்பல பராமரிக்கணும். வாங்கினாங்க கடன் மேல கடன். கார்னிவல் 2019ல கட்டின வட்டி 20 கோடி டாலர் சொச்சம், 2023ல கட்டின வட்டி 200 கோடிக்கு மேல. பத்து மடங்கு! அந்தப் பணம் எங்க இருந்து வரும், ஏறுற ஆளுங்க கிட்ட இருந்துதான் வரும். சாப்பாட்டுச் சாமான் விலை, ஆள் கூலி, விமான டிக்கெட் எல்லாம் மேல சேந்துக்குச்சு.

அதுக்கப்பறம் புதுக் கப்பல். ராயல் கரீபியனோட ஐகான் ஆஃப் த சீஸ் 2024 ஜனவரில மயாமில இருந்து கெளம்புச்சு, 20 தளம், ரூமுக்கு ரெண்டு பேருன்னாலே 5,610 பேரு, கட்டில் எல்லாம் நெறஞ்சா 7,600 பேரு, ஆறு வாட்டர் ஸ்லைட், சின்னப் புள்ளைங்களுக்குன்னே சர்ஃப்சைடுன்னு தனி ஏரியா. மூணு மாடி வீடு மாதிரி ஒரு ரூம் கூட இருக்கு, உள்ளயே சறுக்குமரத்தோட. பாருங்க, குடும்பங்கள மனசுல வெச்சுதான் கட்டியிருக்காங்க, ஆனா எந்தக் குடும்பத்த மனசுல வெச்சுங்கறது விலையப் பாத்தாதான் புரியும்.

இவ்ளோ ஏறியும் போறாங்கன்னா, மத்த லீவுக்கு இது பரவாயில்லயா?

அதேதான். ஒரு பொருளோட விலை தனியா ஏறலியே, பக்கத்துல இருக்கறது எல்லாமே ஏறுச்சு. ஹோட்டல் ரூம், வாடகைக் கார், வெளிச் சாப்பாடு, எல்லாம். ஆர்லாண்டோல டிஸ்னி வேர்ல்டுக்குள்ள நுழையறதுக்கு மட்டும், கிறிஸ்மஸ் மாதிரி நெரிசலான நாள்ல, ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு 199 டாலர் வரைக்கும் 2025ல வந்துருச்சு. நாலு பேரு ஒரு நாள் உள்ள போனாலே 800 டாலர் பக்கம், அதுல படுக்க இடமும் இல்ல சாப்பாடும் இல்ல. இதோட வெச்சுப் பாத்தா தங்கற இடம், மூணு வேளை சாப்பாடு, புள்ளைங்களுக்கு கிளப், ராத்திரி ஷோ எல்லாம் சேத்து வர்ற கப்பல் மலிவாதான் தெரியும். க்ரூஸ் கம்பெனிங்களே பங்குதாரர் கூட்டத்துல திரும்பத் திரும்ப சொல்றதும் இதுதான், கரையில எடுக்கற லீவ விட நாங்க இன்னும் கம்மி, அதனால ஏத்தறதுக்கு எடம் இருக்குன்னு. கடைசில இருக்கற அந்த வார்த்தைய கவனிக்கணும்.

போட்டிருக்கற விலை கம்மியாதான் இருந்துச்சு, கட்டி முடிக்கறப்ப டபுள் ஆயிடுச்சே?

எல்லாரும் மாட்டிக்கற எடம். ஒரு விஷயம் நல்லதா நடந்துருக்கு, 2024 ஜூலை 1ல இருந்து கலிஃபோர்னியா சட்டப்படி கட்டாயக் கட்டணம் எல்லாத்தையும் சேத்த விலையத்தான் விளம்பரத்துல காட்டணும், பெரிய கம்பெனிங்க வரி, துறைமுகக் கட்டணத்தயும் சேத்து நாடு முழுக்கவே அப்படி காட்ட ஆரம்பிச்சிட்டாங்க. ஆனா டிப்ஸ் அதுல சேராது.

டிப்ஸ்னா விருப்பப்பட்டா குடுக்கறதுன்னு நெனச்சிடாதீங்க, தினமும் ஆளுக்கு இவ்ளோன்னு கணக்குல தானா ஏறும். கார்னிவல்ல சாதா ரூமுக்கு 13.99 டாலரா இருந்தது 2022 மே மாசம் 14.50, 2023 ஏப்ரல்ல 16 ஆச்சு. ராயல் கரீபியன் 2023 நவம்பர்ல 18 ஆக்குச்சு, கைக்குழந்தைக்கும் சேத்து. நாலு பேரு ஏழு நாளுன்னா 18 வெச்சு 504 டாலர். இந்தக் காசு நாள் பூரா வேல செய்ற ஸ்டாஃபுக்குப் போகுதுங்கறதால நான் இத கொறச்சு கேக்க மாட்டேன், கேக்கவும் கூடாது, பட்ஜெட்ல மொதல்லயே எழுதி வெச்சுக்கணும், அவ்ளோதான்.

அப்புறம் வைஃபை, ட்ரிங்க்ஸ் பேக்கேஜ், மேல 18 அல்லது 20 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், கரையில எறங்கினா டூர், ஃபோட்டோ, ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட், துறைமுகத்துல கார் பார்க்கிங். ட்ரிங்க்ஸ் பேக்கேஜ்ல ஒரு ரூல் இருக்கு, ஒரு ரூம்ல ஒரு பெரியவர் வாங்கினா அதே ரூம்ல இருக்கற இன்னொரு பெரியவரும் வாங்கணும், குடிக்காத ஆளா இருந்தாலும்னு கார்னிவல், ராயல் ரெண்டுலயும் பொதுவா உண்டு. பெரிய கம்பெனிங்களுக்கு மொத்த வருமானத்துல மூணுல ஒரு பங்கு பக்கம் இப்படி கப்பலுக்குள்ள செலவு பண்றதுலதான் வருது. டிக்கெட்ட எறக்கியாவது ஆள ஏத்தறதுக்கு இதான் காரணம், ஏறிட்டா எப்படியும் செலவு பண்ணுவாங்கன்னு தெரியும்.

விலை ஏறுறப்ப குடும்பங்க உண்மையில என்ன பண்றாங்க? போறத விட்டுடறாங்களா?

உடனே விடறது இல்ல. விடறதுக்கு முன்னாடி படிப்படியா கொறச்சுக்கிட்டே வருவாங்க, இதத்தான் நான் சுத்தி இருக்கற குடும்பங்கள்ல அதிகமா பாக்கறேன்.

மொதல்ல ரூம் மாறும். பால்கனி வேணும்னு ஆரம்பிச்சவங்க ஜன்னல் ரூமுக்கு வருவாங்க, அப்புறம் ஜன்னலே இல்லாத உள் ரூமுக்கு வருவாங்க. ரெண்டு ரூம் எடுத்துட்டு இருந்தவங்க ஒரே ரூம்ல நாலு பேரும் படுத்துக்குவாங்க. அடுத்தது நாள் குறையும், ஏழு ராத்திரி போனவங்க நாலு இல்ல அஞ்சு ராத்திரிக்கு மாறுவாங்க. அதுக்கப்பறம் ஃப்ளைட். நாலு ஃப்ளைட் டிக்கெட் சில நேரம் கப்பல் டிக்கெட்டையே தொட்டுடும், அதனால ஓட்டிட்டுப் போற தூரத்துல இருக்கற துறைமுகத்தப் பாப்பாங்க. டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன்ல இருக்கற நம்ம ஆளுங்க டெக்சஸ்லயே இருக்கற கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு கார்லயே போயிடறது இதனாலதான், ராயல் கரீபியன் 2022 நவம்பர்ல அங்க சொந்தமா டெர்மினல் தொறந்ததும், கார்னிவல் 2023 டிசம்பர்ல புத்தம் புது ஜூபிலி கப்பல நேரா அங்க கொண்டு வந்து நிறுத்தினதும் சும்மா இல்ல. மயாமிக்கு ஃப்ளைட் பிடிக்க கணக்கு பாக்கற குடும்பங்கள எங்க போய் புடிக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்.

இன்னொன்னு பழைய கப்பல். ஜாக்சன்வில்ல இருந்து போற கார்னிவல் எலேஷன், டாம்பால இருந்து போற கார்னிவல் பாரடைஸ், ரெண்டும் 1998ல வந்தது, பெரிய ஸ்லைடு ரோலர் கோஸ்டர் எல்லாம் எதிர்பாக்காதீங்க, ஆனா கடல் அதே கடல்தான், எட்டு வயசுப் புள்ளைக்கு நீச்சல் குளமும் எப்ப கேட்டாலும் ஐஸ்க்ரீமும் இருந்தா போதும். இத நான் மனசார சொல்றேன், புதுக் கப்பல் கெடைக்கலன்னு லீவையே கேன்சல் பண்றவங்களப் பாத்தா வருத்தமா இருக்கு.

கடைசியாதான் ஏறினப்பறம் செலவ இறுக்கறது, டூர் எடுக்காம கரையில எறங்கி தானா நடந்து சுத்திட்டு வர்றது, பேக்கேஜ் எதுவும் வாங்காம தண்ணி, லெமனேட், காப்பியோட ஓட்டறது. இதெல்லாம் பண்ணியும் பத்தலன்னாதான் "இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் பாக்கலாம்" வரும். அந்த அடுத்த வருஷம் பல வீட்டுல தள்ளிட்டே போகுது, அத யாரும் எந்தக் கணக்குலயும் சேக்கறது இல்ல, ஏன்னா அவங்க எடத்துல வேற ஒருத்தர் ஏறிட்டார், கப்பல் ஃபுல்.

ரெண்டு பேரா போறவங்களுக்கும் குடும்பத்துக்கும் இதுல என்ன வித்தியாசம்?

நாள்தான் வித்தியாசம். ரிட்டயர் ஆனவங்க செப்டம்பர்லயும் போகலாம், ஜனவரி ரெண்டாவது வாரத்துலயும் போகலாம், விலை எப்ப எறங்குதோ அப்ப ஏறிக்கலாம். நமக்கு ஸ்கூல் இருக்கு. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மொத பாதி, தேங்க்ஸ்கிவிங் வாரம், கிறிஸ்மஸ், மார்ச்ல ஸ்ப்ரிங் பிரேக், அவ்ளோதான். எல்லாக் குடும்பமும் அதே வாரத்துலதான் வந்து நிக்கும், கம்பெனிக்கும் அது நல்லா தெரியும். அதே கப்பல், அதே ரூம், அதே தீவு, செப்டம்பர்ல ஒரு விலை, கிறிஸ்மஸ்ல ரெண்டு மடங்குக்கு மேல கூட போகும்.

பொருளாதாரம் படிச்சவங்க பாஷையில சொன்னா, குடும்பங்களுக்கு நாள் விஷயத்துல வளைஞ்சு குடுக்க முடியாது, ஆனா மொத்தச் செலவுல அவங்கதான் ரொம்ப வளைய வேண்டியிருக்கு, ஏன்னா எந்த ஏத்தமும் நாலால பெருக்கி வரும். ஆளுக்கு நாளைக்கு 10 டாலர் ஏறினா தம்பதிக்கு ஒரு வாரத்துக்கு 140, நாலு பேருக்கு 280. அதே வீட்டுலதான் வாடகை, கார் இன்ஷூரன்ஸ், டேகேர், முட்டை பால் எல்லாம் சேந்து ஏறியிருக்கு. லீவுக்குன்னு ஒதுக்கின பணம் அங்க ஏற்கனவே கரைஞ்சிருக்கும். அதனாலதான் விலை ஏறுறப்ப மொதல்ல கழண்டுக்கறது நடுத்தர வருமானத்துல ரெண்டு மூணு புள்ளைங்க இருக்கற வீடுங்க, அவங்க எடத்துக்கு வர்றது அதிகம் சம்பாதிக்கற குடும்பமோ, புள்ளைங்க இல்லாத தம்பதியோ.

நாங்க அஞ்சு பேரு, எங்களுக்கு மட்டும் ஏன் ரூமே காட்ட மாட்டேங்குது?

பெரும்பாலான ரூம் அதிகபட்சம் நாலு பேருக்குத்தான். அஞ்சு பேரு தங்கற ரூம் ஒரு கப்பல்ல கொஞ்சம்தான், விலையும் ஜாஸ்தி, அதுங்கதான் மொதல்ல தீரும். இன்னொரு காரணம் பல பேருக்குத் தெரியாது, கப்பல்ல ஒவ்வொரு பக்கத்துக்கும் உயிர்காப்புப் படகு கொள்ளளவு உண்டு, அந்தப் பகுதில ஆள் எண்ணிக்கை நெறஞ்சிட்டா ரூம் காலியா இருந்தாலும் மூணாவது நாலாவது ஆள சேக்க விட மாட்டாங்க. அதனால "ரூம் இருக்கு, ஆனா ரெண்டு பேருக்குத்தான்"னு வந்தா சைட் தப்பு இல்ல.

அஞ்சு பேரா இருந்தா ரெண்டு உள் ரூம் பக்கத்து பக்கத்துல எடுத்துப் பாருங்க, ஒரு பெரிய ரூம விட கம்மியா வர்றது உண்டு, பாத்ரூமும் ரெண்டு கெடைக்கும். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்கற வீடுங்களுக்கும் இதேதான், விசா இருக்கற ஆறு மாசத்துக்குள்ள அவங்கள ஒரு தடவ கப்பல்ல கூட்டிட்டுப் போகணும்னு நம்ம ஆளுங்க ரொம்ப ஆசப்படுவாங்க, ஆறு பேருக்கு ரெண்டு ரூம்னு எடுத்து பெரியவங்களுக்கு கீழ் கட்டில குடுத்துடலாம். விமானத்துல வர்ற மாதிரி லோல்பட வேண்டாம், முட்டி வலி இருக்கறவங்களுக்கு இத விட சௌகரியமான லீவு கெடையாதுன்னு நான் நெனைக்கறேன், செலவ எங்க கொறச்சாலும் இதுல கொறைக்காதீங்க.

"கிட்ஸ் செயில் ஃப்ரீ"ங்கறாங்களே, உண்மையா?

பாதி உண்மை. ராயல் கரீபியன்ல 12 வயசும் அதுக்குக் கீழயும், ரூம்ல மூணாவது நாலாவது ஆளா இருந்தா டிக்கெட் காசு இல்லன்னு அப்பப்ப விடுவாங்க. வரி, துறைமுகக் கட்டணம், டிப்ஸ் எல்லாம் புள்ளைக்கும் உண்டு. கிறிஸ்மஸ், ஸ்ப்ரிங் பிரேக், கோடையில நல்ல வாரங்கள் எல்லாம் பெரும்பாலும் இதுல வராது, அதாவது ஸ்கூல் போற புள்ளைக்கு லீவு இருக்கற நாள்ல ஃப்ரீ இல்ல. ஸ்கூல் சேராத குழந்தைங்க இருக்கறவங்களுக்கு இது தங்கமான ஆஃபர், அவங்க தயங்காம எடுக்கலாம். மத்தவங்க ரெண்டு பெரியவங்களுக்கு போட்டிருக்கற விலை ஏறியிருக்கான்னு பாத்துட்டு மொத்தத்த ஒப்பிடணும்.

கடைசி நேரத்துல விலை எறங்கும்னு வெயிட் பண்ணலாமா?

குடும்பம்னா வேண்டாம். முன்னாடி கெளம்பறதுக்கு ரெண்டு மூணு வாரம் இருக்கறப்ப தள்ளி விடற பழக்கம் இருந்துச்சு, இப்ப கம்பெனிங்க ரொம்ப முன்னாடியே புக்கிங் சேத்துடறாங்க, கெளம்பற தேதி நெருங்க நெருங்க ஏத்தறாங்க. அப்படியே எறங்கினாலும் மிச்சம் இருக்கறது ரெண்டு பேர் ரூமாதான் இருக்கும்.

அதுக்கு பதிலா இப்படிப் பண்ணுங்க. முழுப்பணம் கட்டற கெடு பொதுவா கெளம்பறதுக்கு 75 முதல் 90 நாளுக்கு முன்னாடி வரும். திருப்பிக் கெடைக்கற டெபாசிட்டா பாத்து சீக்கிரம் புக் பண்ணி வெச்சுட்டு, அந்தக் கெடு வரைக்கும் வாரம் ஒரு தடவ விலையப் பாருங்க. எறங்கினா மாத்தித் தரச் சொல்லி கேளுங்க, அமெரிக்காவுல எடுத்த புக்கிங்குக்கு பெரும்பாலும் மாத்திக் குடுப்பாங்க. ஏறினா நமக்கு நஷ்டம் இல்ல. ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் புக்கிங்குக்கு பெரிய சீசன், கம்பெனிங்க போட்டி போட்டு ஆஃபர் விடற மாசம் அது.

எண்ணெய் விலை ஏறினா புக் பண்ணப்பறமும் காசு கேப்பாங்களா?

நடந்திருக்கு. 2008 ஜூலைல கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரத் தொட்டுச்சு, அதுக்கு முன்னாடியே கம்பெனிங்க எல்லாம் ஆளுக்கு நாளைக்கு 5 டாலர்ல ஆரம்பிச்சு எரிபொருள் கூடுதல் கட்டணம் போட்டாங்க, ஏற்கனவே புக் பண்ணவங்க மேலயும் சேத்து. ஃப்ளோரிடா அட்டர்னி ஜெனரல் அலுவலகம் தலையிட்டு அந்த மாதிரி வாங்கின காச திருப்பிக் குடுக்க வெச்சாங்க. எண்ணெய் ஏறினா இப்படி தனிக் கட்டணம் போட்டுக்கலாங்கற வரி டிக்கெட் கான்ட்ராக்ட்ல இன்னிக்கும் இருக்கு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்த ஒரு தடவ படிச்சுடுங்க.

பொருளாதாரம் சரிஞ்சா என்ன ஆகும்? அப்பவாவது குடும்பங்களுக்கு எறங்குமா?

அதே 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ்ங்கற பெரிய அமெரிக்க வங்கி விழுந்தப்பறம் 2009ல டிக்கெட் விலை நல்லாவே எறங்குச்சு, ஆனா கார்னிவல் கப்பல்ல ஆள் நெறஞ்ச அளவு அப்பவும் 100க்கு மேலதான். மேல சொன்னதுக்கு இத விட நல்ல சாட்சி இல்ல, ஆச குறையறப்ப அடி வாங்கறது விலைதான், ஆள் எண்ணிக்கை இல்ல. வேல போகாம இருந்த குடும்பங்களுக்கு அது நல்ல காலம், வேல போனவங்களுக்கு எந்த விலையும் ஜாஸ்திதான்.

2025ல நார்வீஜியன் க்ரூஸ் லைன் பண்ணதும் இதோட சேத்துப் பாக்கணும். குடும்பங்கள புடிக்கணும்னு பஹாமாஸ் பக்கம் குட்டி குட்டி ட்ரிப்பா அதிகம் விட்டாங்க. புள்ளைங்க வந்தாங்க, கப்பல் நெறஞ்சுது, ஆனா மூணாவது நாலாவது கட்டில்ல கெடைக்கற காசு கம்மி, அதனால ஆளுக்கு சராசரியா வர்ற வருமானம் எதிர்பாத்த அளவுக்கு ஏறல, பங்குச் சந்தைக்கு அது புடிக்கல. ஆக குடும்பங்க வந்தா கப்பல் நெறயும், ஆனா முதலீட்டாளர் கேக்கற நம்பர் எறங்கும், இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நம்ம டிக்கெட் விலை ஆடிட்டு இருக்கு.

தனியார் தீவு எல்லாம் கட்டறாங்களே, அது நமக்கு லாபமா?

கலந்துதான். ராயல் கரீபியனோட கோகோகே இப்ப இருக்கற பெரிய ரூபத்துல 2019ல இருந்து, கார்னிவலோட செலிப்ரேஷன் கீ 2025 ஜூலைல இருந்து, ரெண்டும் பஹாமாஸ்ல, ஃப்ளோரிடாக்கு கிட்ட. கிட்ட இருந்தா எரிபொருள் மிச்சம், குட்டி ட்ரிப்பும் விடலாம். கடற்கரை, சாதாரண சாப்பாடு டிக்கெட்லயே வந்துடும், டூர் எடுக்காமலே புள்ளைங்க நாள் முழுக்க தண்ணில கெடக்கலாம். ஆனா கோகோகேல வாட்டர் பார்க் தனிக் காசு, அதுவும் கூட்டமான நாள்ல நல்ல விலை. வெளியூர் கடைக்காரருக்குப் போக வேண்டிய காசும் கம்பெனிக்கே போயிடுது, எனக்கு அது உறுத்தலாதான் இருக்கு.

துறைமுக வரி எல்லாம் ஏறுதாமே?

ஆமா. மெக்சிகோ 2025 ஜூலைல இருந்து ஆளுக்கு 5 டாலர்னு ஆரம்பிச்சிருக்கு, 2028ல 21 டாலர் வரைக்கும் ஏத்தற திட்டம். பஹாமாஸ் 2024ல ஏத்துச்சு. கிரீஸ்ல சாண்டொரினி, மிகொனோஸ்ல எறங்க கோடையில 20 யூரோ. ஐரோப்பாவுல கப்பல் விடற புகைக்கு கார்பன் கட்டணம் 2024ல இருந்து படிப்படியா வருது. தனித்தனியா சின்னக் காசு, நாலால பெருக்கினா தெரியும்.

சிங்கப்பூர், சென்னை பக்கம் எப்படி இருக்கு?

அங்க விலையோட சேந்து ரூபாயும் அடிக்குது. சிங்கப்பூர் டாலர் 2019ல 50 ரூபாய் பக்கம் இருந்துச்சு, 2025ல 65 ரூபாயத் தாண்டிருச்சு. அதாவது கப்பல்காரன் ஒரு காசு ஏத்தலன்னாலும் சென்னைல இருந்து போற குடும்பத்துக்கு கால் பங்குக்கு மேல ஏறிடுச்சு, ஃப்ளைட் தனி. சிங்கப்பூர்லயே இருக்கற நம்ம ஆளுங்களுக்கு இந்த அடி இல்ல, ஆனா ஜிஎஸ்டி 7ல இருந்து 2023ல 8, 2024ல 9ன்னு ஏறி வீட்டுச் செலவே கூடிப்போச்சு, லீவும் ஜூன்லயும் நவம்பர் டிசம்பர்லயும்தான், அங்கயும் அதே ஸ்கூல் லீவு நெரிசல். டிஸ்னி அட்வெஞ்சர்ங்கற கப்பல சிங்கப்பூர வெச்சு மூணு நாலு ராத்திரி ட்ரிப்பா ஓடற மாதிரி கொண்டு வந்திருக்காங்க, 6,700 பேர் ஏறலாம், புள்ளைங்க இருக்கற வீடுங்களத்தான் குறி வெச்சிருக்காங்க, விலையும் அதுக்கேத்த மாதிரி.

சென்னைல கோர்டேலியாங்கற இந்தியக் கம்பெனியோட எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூன்ல மொதல்ல கெளம்புச்சு, 2023 ஜூன்ல சென்னைல இருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைக்கும் போச்சு. கப்பல் 1990ல கட்டினது, 1,800 பேர் பக்கம் ஏறலாம். இந்தியாவுக்குள்ளயே சுத்தற ட்ரிப்னா விசா, ஃப்ளைட், அந்நிய நாணயம் எதுவும் இல்லாம ரூபாய்லயே முடியறதால விலை ஏறுற நேரத்துல சென்னைக் குடும்பங்களுக்கு இதான் கைக்கு எட்டற க்ரூஸ். சீசன் இருக்கறப்ப மட்டும்தான் சென்னைக்கு வரும், அதனால தேதிய மொதல்ல பாத்துட்டு லீவு போடுங்க.

எங்களுக்கு ஒரே ஒரு வாரம் லீவு, நாலு பேரு, பட்ஜெட் டைட். எங்க இருந்து ஆரம்பிக்கறது?

டிக்கெட் விலையப் பாக்காம மொத்தத்த ஒரு தாள்ல எழுதுங்க, டிக்கெட், வரி, டிப்ஸ், போக வர செலவு, பார்க்கிங், முந்தின நாள் ஹோட்டல் வேணும்னா அது, வைஃபை ஒரு ஃபோனுக்கு. அந்தத் தொகைய ஆளாலயும் ராத்திரியாலயும் வகுத்துட்டு, அதே வாரத்துக்கு கார்ல போற தூரத்துல ஒரு பீச் ரூம் எடுத்து சாப்பாட்டோட என்ன ஆகும்னு பக்கத்துலயே போடுங்க. கப்பல் கம்மியா வந்தா, மொதல்ல ஓட்டிட்டுப் போற துறைமுகம், ரெண்டாவது நாலஞ்சு ராத்திரி, மூணாவது உள் ரூம், கப்பல் புதுசா பழசாங்கறது கடைசி. உங்க ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் லீவு பக்கத்து ஸ்டேட்டோட ஒத்து வரலன்னா அது பெரிய அதிர்ஷ்டம், டெக்சஸ்ல பல ஸ்கூல் மே கடைசியிலயே மூடிடும், வடகிழக்குப் பக்கம் ஜூன் மூணாவது வாரம் வரைக்கும் ஓடும், அந்த ஜூன் மொத ரெண்டு வாரத்துல கெளம்பற கப்பல மொதல்ல தேடுங்க, அதே கோடையில ஜூலைய விட விலை பெரும்பாலும் கம்மியா இருக்கும்.